ஓயாத ஐந்தாம் தந்தி

கேதாரநாதனின் பார்ட்டி ஹோலில் அந்தக் கிற்றார்ச் சுரம் ஓயாமல் தங்கிப்போனதற்கு முதற்காரணம் ஒரு வெள்ளி நிற வான் வண்டி என்றுதான் கனடாவின் ஸ்காபரோச் சனம் இன்றைக்கும் சொல்லும். தீயணைப்பு வண்டிக்கென்று விட்டிருந்த வழியில் யாரோ ஒரு அவசரக்காரர் தன் வானை நிறுத்திவிட்டு விழாவுக்குள் வந்து உட்கார்ந்திருக்க, இழுத்துக்கொண்டு போகிற வண்டி வாசலில் வந்து நிற்க, மேடை ஓரத்தில் மைக்கும் கையுமாக இருந்த அறிவிப்பாளர் தில்லைநடேசனின் காதில் யாரோ விசயத்தைப் போட, அவர் அல்போன்ஸ் மாஸ்டரின் விரல் கிற்றார்த் தந்தியை விட்டு எழும்பியதைக் கண்டு, சரி, உருப்படி முடிந்துவிட்டது என்று நினைத்து, வானொலியில் பழக்கின தன்னுடைய கனத்த குரலில் வானின் இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்து வாசித்துவிட்டார். உருப்படி முடியவில்லை. இன்னும் ஒரேயொரு சுரம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கவேண்டும் என்று மாஸ்டர் எழுதி வைத்திருந்தார், அந்த மூச்சுக்குள்தான் தில்லைநடேசன் புகுந்தார்.

சனம் கைதட்டியது. தமிழ்ச் சங்கத் தலைவர் பொன்னாடையோடு ஓடிவந்து மாஸ்டரையும் கிற்றாரையும் சேர்த்துப் போர்த்தினார். "சாப்பாடு ஆறப்போகுது, எல்லாரும் எழும்பி வாங்கோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஐந்தாம் தந்தியில் மாஸ்டர் கடைசியாக மீட்டிய சுரம் மட்டும் பொன்னாடைக்குக் கீழே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

மைக்தான் இரைகிறது என்று முதலில் நினைத்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் ஒவ்வொரு வயராகப் பிடுங்கினார், பிறகு சுவரிலிருந்த கரண்டையே நிறுத்தினார், சுரம் கேட்டது. மாஸ்டர் தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமத்தினார், கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார், பெட்டியைக் கொண்டுபோய்க் காரில் வைத்தார். சுரம் அவரோடு போகவில்லை. மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவே, ஓர் ஆள் உயரத்தில், கூடாமலும் குறையாமலும் அது இருந்தது, அதைக் கேட்டபடியே சனம் இடியப்பமும் கணவாய்க் கறியும் சாப்பிட்டு, மிஞ்சின றோல்ஸைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

அல்போன்ஸ் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். மாதாகோயில் பாடகர் குழுவில் கிற்றார் பிடித்துப் பழகி, கொழும்பில் ஒரு பறங்கி ஆசிரியரிடம் மேற்கத்தைய செவ்விசையை முறையாகப் படித்து, சண்டைக்குள் ஒரு மாதிரித் தப்பி, கையில் கிற்றார்ப் பெட்டியும் பக்கத்தில் புது மனைவி மெற்றில்டாவுமாக ஒரு பனிக்காலத்தில் கனடாவில் வந்து இறங்கினவர். இங்கே பல்கலைக்கழகம் போய் இசையமைப்பும் படித்தார். கிற்றாருக்கென்று உருப்படிகள் எழுதினார், நூலகத்து மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் வாசித்தார். வெள்ளைக்காரர் கேட்டுவிட்டு, உங்கள் ஊர் மணக்கிறது என்று சொல்லி, பல்கலாசார விழாவுக்கு மட்டும் அவரைக் கூப்பிட்டார்கள். தமிழர் கேட்டுவிட்டு, உது வெள்ளைக்காரச் சாமான், ஒரு சினிமாப் பாட்டும் வாசியுங்கோவன் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சேலைக் கடையின் நிலவறையில் அவர் வகுப்பு வைத்தார். கிற்றார் படித்தால் பிள்ளைக்குக் கணக்கு ஓடும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகள் அங்கே வந்தார்கள், எட்டாம் தரப் பரீட்சை பாஸ் பண்ணினார்கள், சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள், கிற்றாரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்கள். எத்தனை கட்டில்களுக்குக் கீழே தன்னுடைய ஆயுசு கிடக்கிறது என்று மாஸ்டர் சில நேரம் நினைத்துப் பார்ப்பார், நினைத்துவிட்டு அடுத்த பிள்ளையின் விரலைப் பிடித்துச் சரியான தந்தியில் வைப்பார்.

வீட்டைக் கொண்டு நடத்தினது மெற்றில்டாதான். போத்தல்களுக்குத் தகர மூடி அடிக்கிற தொழிற்சாலையில், அடிக்கிற யந்திரத்துக்குப் பக்கத்திலேயே அவளுக்கு வேலை. காதுக்கு வைக்க மஞ்சள் அடைப்பான் கொடுத்தார்கள். அவள் வைக்கவில்லை. வைத்தால், சுப்பவைசர் ஓவர்டைமுக்குப் பெயர் கூப்பிடுவது கேட்காது. ஒரு முறை கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்காதவளை மறுமுறை கூப்பிடமாட்டார்கள். அடைப்பானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யந்திரத்தின் அடிக்கு மேலே தன் பெயர் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அவள் நின்ற வருசங்களில்தான் அவர் பட்டம் வாங்கினார், நல்ல கிற்றார் வாங்கினார், எழுதினார். அவளுடைய காதில் முதலில் குருவிகள் போயின. பிறகு தண்ணீர் கொதித்துக் கேத்தல் கூவுவது போனது, பிறகு தொலைபேசி மணி, பிறகு பெண்களின் குரல்.

மேலே இருக்கிற சத்தங்கள்தான் முதலில் போகும், கீழே இருப்பவை கொஞ்சக் காலம் தங்கும் என்று காது பார்க்கிற டொக்டர் சொன்ன அன்றைக்குத்தான், இத்தனை காலமும் அவளுக்கென்று தான் ஓர் உருப்படிகூட எழுதவில்லை என்பது மாஸ்டருக்கு உறைத்தது. வெட்கப்பட்டார். எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினால், "முதல் பாதி கேட்டுது, பிறகு நீங்கள் சும்மா விரலை ஆட்டினியள்" என்றாள். முதலாம் தந்தியை விட்டுவிட்டு மறுபடி எழுதினார். அதற்குள் அவளுடைய காது இன்னும் கீழே இறங்கியிருந்தது. இரண்டாம் தந்தியையும் விட்டார், மூன்றாவதையும் விட்டார், அவள் இறங்க இறங்கப் பின்னாலேயே அவரும் இறங்கி, கடைசியில் தடித்த தந்திகளை மட்டும் வைத்து, ஆறாம் தந்தியை வழக்கத்திலும் தளர்த்தி, அந்த அடியிலும் அடியான சுரத்தில் வந்து முடிகிற மாதிரி ஒன்றை எழுதி, 'மெற்றில்டாவுக்கு' என்று மேலே போட்டார். ஐந்தாம் தந்தி கேட்கும், ஆறாம் தந்தி பதில் சொல்லும். நம்முடைய ஆட்கள் பாசையில் சொன்னால் பஞ்சமத்தில் காத்திருந்து சட்சமத்துக்கு வந்து சேரும். அடுத்த கோடைக்குள் முழுக்கப் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான், பழைய மாணவரின் பெற்றோர் சேர்ந்து மாஸ்டருக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம் என்றபோது, பொன்னாடைக்கும் பேச்சுகளுக்கும் பயந்த மனுசன் ஒத்துக்கொண்டார். முன்வரிசையில் அவளை இருத்தி, நல்ல மண்டபத்தில், முழுதாக ஒரு முறை.

அன்றைக்குக் காரில் போகும்போது அவள் கேட்டாள்: "முடிஞ்சுதே? ஏதோ குறையிற மாதிரிக் கிடந்துது."

"நாளைக்குப் போய் முடிச்சுவிடுறன்" என்று அவர் அவள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, மெல்லச் சொன்னார்.

நாளைக்கு முடியவில்லை. மறுநாளே ஹோலில் ஒரு கலியாணத்துக்கு மணவறை சோடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் சுரத்தைக் கேட்டுவிட்டு, நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இதென்ன அழுகை மாதிரி என்று முகம் சுளித்தார்கள். ஐயர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "சுருதி ஒண்டு சும்மா கிடைக்குது, விடுங்கோ" என்று சொல்லிவிட்டு மந்திரத்தை அதன்மேல் ஏற்றினார். நாதஸ்வரக்காரர் சீவாளியை மாற்றி மாற்றி ஊதிப் பார்த்து, அந்தச் சுரத்தையே பஞ்சமமாகப் பிடித்துக்கொண்டு தோடியை எடுத்தார், எடுத்தவர் தாலி கட்டுகிற நேரத்துக்குக்கூட நிறுத்த மனமில்லாமல் கெட்டிமேளத்துக்குள் போய் விழுந்தார், பந்தியில் இருந்து சாப்பிடும்போது, இவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் வாசித்ததில்லை என்று சொல்லி அழுதார். பெண்ணும் மாப்பிள்ளையும் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் சுரமும் அதில் பதிந்திருந்தது. அதற்குப் பிறகு கேதாரநாதனுக்குத் தொலைபேசியை வைக்க நேரமில்லை.

சுரம் இருக்கிற ஹோலில்தான் பெரியவளான பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு, சுரம் இருக்கிற ஹோலில்தான் அறுபதாம் கலியாணம் என்று சனம் அலைந்தது. நகரசபையிலிருந்து சத்தம் அளக்கிற அதிகாரி ஒருவர் முறைப்பாட்டின்பேரில் வந்தார். அவருடைய கருவியில் முள் அசையவில்லை, அவருக்கோ நன்றாகக் கேட்டது, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்து, ஒரு மரக்கறி ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள், புகைக்கு நெருப்பு மணி அடித்து ஹோல் முழுக்கத் தண்ணீர் கொட்டியது, பிறகு பற்றரியில் எரிகிற மெழுகுதிரிக்குத்தான் அனுமதி என்று கேதாரநாதன் சொல்லிவிட்டார். பங்குச் சுவாமியார் வந்து, கடவுளின் புதுமை என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது, மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறோம் என்றார். வானொலியில் காலை நிகழ்ச்சியில் நேயர்கள் சண்டை பிடித்தார்கள். நித்திரை வராதவர்கள் பகலில் வந்து பின்வரிசைக் கதிரைகளில் சாய்ந்து கிடந்தார்கள், வயிற்றுவலியில் வீறிடுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார் மேடைக்கு முன்னால் நின்று தாலாட்டினார்கள், சுரத்துக்குக் கீழே போனதும் குழந்தைகள் வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தன.

மாஸ்டரின் நிலவறை நிரம்பி வழிந்தது. "மாஸ்டர், மகனுக்கு அந்த ஒரு நோட்டை மட்டும் காட்டிவிடுங்கோ, அவனுக்குக் கணக்கு ரியூசனும் இருக்கு, மிச்சத்துக்கு நேரமில்லை" என்றார்கள் பெற்றோர். அந்தச் சுரத்தைப் பற்றிப் பேச இரண்டு பல்கலைக்கழகங்கள் அவரைக் கூப்பிட்டன. வாழ்நாள் முழுக்க அவர் எழுதின எதையும் யாரும் கேட்கவில்லை, தவறிப்போய் அந்தரத்தில் விட்ட ஒன்றை ஊரே கேட்டது.

உண்மையைச் சொன்னால், மாஸ்டருக்கு அது பிடித்திருந்தது. கிற்றார் ஒரு பாவப்பட்ட வாத்தியம். வயலின்காரன் வில்லை இழுத்துச் சுரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், பாடுகிறவன் மூச்சு உள்ளவரை வைத்துக்கொள்ளலாம், கிற்றார்க்காரன் மீட்டின கணத்திலேயே சுரம் சாகத் தொடங்கிவிடும், அவன் வேலை சாகிறதுகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போவதுதான். தன் கையிலிருந்து போன ஒன்று சாகாமல் இருக்கிறது என்பதை நினைக்க அவருக்கு நெஞ்சு விம்மும். அடுத்த கிழமை முடிப்பம், திருநாள் கழிய முடிப்பம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஆனால் புதிதாக எதை எழுத உட்கார்ந்தாலும் மூன்றாவது வரியில் அது ஐந்தாம் தந்திக்குப் போய் அங்கேயே இருந்துகொண்டது, அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. சந்தோசம் போய்ப் பயம் வந்தது.

அவருக்கு மட்டுமல்ல. அந்த ஹோலில் அடிக்கடி போய் இருந்த சனத்துக்கு எதையும் முடிக்க மனம் வரவில்லை. பேசின கலியாணங்களுக்கு நாள் குறிக்காமல் விட்டார்கள். காணி வழக்கில் தீர்ப்புக்குக் கிட்ட வந்தவர்கள் தவணை கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, பிறகு பார்ப்பம் என்று சொல்வது ஸ்காபரோவில் வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது. யாருக்கும் இதில் குறை தெரியவில்லை, எல்லாரும் கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் அமைதியாக, எதையோ எதிர்பார்த்த முகத்தோடு திரிந்தார்கள்.

பனி விழத் தொடங்கியபோது மெற்றில்டாவின் காது முழுக்கப் போனது. கோடைவரை தாங்கவில்லை. ஒருநாள் காலை குசினியில் பின்னால் நின்று மாஸ்டர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சத்தம் போட்டுக் கூப்பிட்டார், பிறகு கதறினார், அவள் கரட்டைச் சீவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவளைக் காரில் ஏற்றி ஹோலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழைந்து பத்தடி வைக்கவில்லை, அவள் நின்றாள், அவருடைய கையைப் பிடித்தாள், தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் கத்துகிற மாதிரிக் கத்தினாள்:

"இது கேக்குது! அல்போன்ஸ், இது மட்டும் கேக்குது!"

அதன்பிறகு தினமும் அவளைக் கூட்டிக்கொண்டு வருவது அவர் வேலையானது. முன்வரிசையில் அவளை இருத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பார். உலகத்தில் அவளுக்கு மிஞ்சின ஒரே சத்தம் தன்னுடைய சுரம் என்பது பெருமையா தண்டனையா என்று அவருக்குத் தெரியவில்லை. இனி முடிக்கவே முடியாது, முடித்தால் அவளிடம் இருக்கிற ஒன்றையும் தானே பிடுங்கினதாகிவிடும் என்று மனதுக்குள் முடிவு கட்டி, ஒரு வகையில் ஆறுதலும் அடைந்தார். அவள்தான் விடவில்லை.

"மிச்சத்தை எப்ப வாசிப்பியள்?" என்று ஒருநாள், யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் சோடினைக்கு நடுவில், ஹோல் அதிரக் கேட்டாள்.

அவர் உதட்டை அசைத்து, கையைக் காட்டி, விளங்கப்படுத்தினார். முடித்தால் இதுவும் போய்விடும். பிறகு உனக்கு ஒன்றும் கேட்காது.

"போகட்டும்" என்றாள். "எனக்கெண்டு எழுதினது எண்டு சொன்னியள். ஊர் முழுக்க வந்து இருந்து கேக்குது, கலியாணம் கட்டுது, பிள்ளையைத் தாலாட்டுது, எனக்கு இன்னும் முழுசாத் தரேல்லை. நான் ஏன் காதுக்கு ஒண்டும் வைக்காமல் அந்த மிசினடியிலை நிண்டனான்? நீங்கள் பாதியிலை விடுறதுக்கோ? என்ரை காதைக் குடுத்து வாங்கினது அல்போன்ஸ் இது. முடிச்சுத் தாங்கோ."

பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள். மாஸ்டர் எல்லாருக்கும் முன்னால் அழுதார்.

அவர் கிற்றாரோடு வரப்போகிறார் என்ற கதை ஒரே நாளில் பரவியது. கேதாரநாதன் வாசலில் இருந்த பலகையை மாற்றினார்: வெளியிலிருந்து சாப்பாடு, மதுபானம், கிற்றார் கொண்டுவர அனுமதியில்லை. "குறை நினையாதேங்கோ மாஸ்டர்" என்றார், கண்ணைப் பார்க்காமல். "அடுத்த வருசம் முழுக்கப் புக்கிங். சனம் சுரத்துக்குத்தானே வருகுது. நான் ஆருக்கெண்டு பதில் சொல்லுறது?" சங்கம் கூட்டம் போட்டது. கலைஞருடைய சொத்தா, சமூகத்தின் சொத்தா என்று நாலு பேர் பேசினார்கள், ஐந்தாவது ஆள் தேநீர் வந்துவிட்டது என்றார், முடிவைப் பிறகு பார்ப்பம் என்று எழும்பினார்கள்.

மாஸ்டர் அவர்கள் யாரிடமும் போகவில்லை. தினமும் பஸ் எடுத்து வந்து மூன்றாம் வரிசை ஓரத்தில் இருக்கிற இரத்தினேஸ்வரி அக்காவிடம் போனார். யுத்தத்தின் கடைசி நாட்களில் தன் கையாலேயே இராணுவத்தின் பஸ்ஸில் ஏற்றிவிட்ட மகன் எந்த இடத்தில் இறங்கினான் என்று இன்றைக்கும் தெரியாத பெண் அவர். அவருக்கு எதிராக அந்த ஊரில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், கேதாரநாதனும் திறக்கமாட்டார்.

"கேள்விப்பட்டனான் மாஸ்டர்" என்றார் அவர். "எல்லாரும் எனக்கு முடிஞ்சுது முடிஞ்சுது எண்டுதான் சொல்லுகினம். மரணச் சான்றிதழ் எடு, அந்திரட்டி செய், படத்துக்கு மாலை போடு. உந்தச் சத்தம் ஒண்டுதான் இன்னும் முடியேல்லை எண்டு என்னோடை சேர்ந்து சொல்லுது. அதையும் நிப்பாட்டப் போறியளோ?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் மெற்றில்டா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள், காதுக்குப் பக்கத்தில் நரைமயிர் கலைந்திருந்தது. இரத்தினேஸ்வரி அக்கா அவளை நெடுநேரம் பார்த்தார்.

"அவ பாவம்" என்றார். "நான் முடியக்கூடாது எண்டு இருக்கிறன், அவ முடியவேணும் எண்டு இருக்கிறா. ரெண்டு பேரும் ஒரே கதிரையிலதான் இருக்கிறம். வாசியுங்கோ மாஸ்டர். ஆனா நான் உள்ளுக்கை இருக்கேக்கை வாசிக்காதேங்கோ. நான் வெளியிலை நிக்கிறன். நான் கேக்காட்டில் எனக்கு முடியேல்லைத்தானே?"

அப்படித்தான் ஒழுங்காயிற்று. இரத்தினேஸ்வரி அக்கா சொன்ன பிறகு கேதாரநாதன் பலகையைத் தானே கழற்றினார். முடிவு வேண்டும் என்கிறவர்கள் உள்ளே இருக்கலாம், வேண்டாதவர்கள் வெளியே நிற்கலாம் என்று தில்லைநடேசன் வானொலியில் அறிவித்தார், அறிவித்துவிட்டு, இந்த முறை நான் வாயே திறக்கமாட்டேன் என்று மாஸ்டருக்குத் தொலைபேசியிலும் சத்தியம் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பனி முழங்கால்வரை கிடந்தது. சனம் வந்தது, வந்து பாதிக்குப் பாதி வெளியே நின்றது. தள்ளிப்போட்டதில் சுகம் கண்டவர்கள், வைத்தியரிடமிருந்து மறுமொழிக்குக் காத்திருந்தவர்கள், கோபித்துக்கொண்டு போன பிள்ளை திரும்பும் என்று இருந்தவர்கள், எல்லாரும் கார் நிறுத்துகிற வெளியில், குளிர்ச் சட்டையின் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு நின்றார்கள். இரத்தினேஸ்வரி அக்கா எல்லாருக்கும் அப்பால், வீதிக்கரையில், பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கேதாரநாதன் கதவைச் சாத்தினார்.

மாஸ்டர் தொடக்கத்திலிருந்து வாசித்தார். ஒரு நீண்ட பாதையில் ஒருத்தி முன்னால் போக ஒருவன் பின்னாலேயே இறங்கிப் போகிறதைத்தான் அவர் எழுதியிருந்தார், அவள் திரும்பிப் பார்ப்பதில்லை, அவன் கூப்பிடுவதும் இல்லை, ஒவ்வொரு தந்தியாக விட்டு விட்டு இரண்டு பேரும் அடிக்கு வருகிறார்கள். மேடைக்கு முன்னால் தங்கியிருந்த சுரம் தன்னுடைய முறைக்குக் காத்திருந்தது. உருப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும், அவருடைய கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை மீட்டியதும், புதுச் சுரமும் பழைய சுரமும் ஒன்றுக்குள் ஒன்று போய் எது எது என்று தெரியாமல் ஆயின. மாஸ்டர் கையை எடுத்தார். எழுதி வைத்திருந்த அந்த மூச்சை விட்டார். தில்லைநடேசன் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். யாரும் இருமவில்லை.

பிறகு அவர் ஆறாம் தந்தியை மீட்டினார்.

அந்தச் சுரம் எழும்பியது, மற்றதைத் தொட்டது, இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் இருந்து, கிற்றாரில் எல்லாச் சுரமும் போகிற மாதிரி மெல்ல மெல்லப் போயின. எந்தக் கணத்தில் போயின என்று உள்ளே இருந்த ஒருவராலும் சொல்லமுடியவில்லை. ஹோலில் கனகாலத்துக்குப் பிறகு வெறும் ஹோலின் சத்தம் கேட்டது, குளிர்சாதனப் பெட்டி முனகியது, கதிரை ஒன்று கிறீச்சிட்டது. பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதைத் தொடர்ந்து பெரியவர்களும் அழுதார்கள், ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. காணி வழக்குக்காரர் ஒருவர் எழுந்து, தன் அண்ணன் இருந்த பக்கம் நடந்தார். யாரும் கைதட்டவில்லை, கேதாரநாதன் கதவுக்குப் பக்கத்துச் சுவரோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு கீழே குந்தினார்.

மாஸ்டர் தலையை நிமிர்த்தி முன்வரிசையைப் பார்த்தார். தான் எழுதினவற்றில் முழுதாய் முடிந்தது இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. அதை அவளுடைய முகத்தில் பார்க்க அவர் ஆசைப்பட்டார்.

மெற்றில்டா அவருடைய கையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கண் இமைக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தாள், பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏன் பேசாமல் இருக்கிறியள்?" என்று அந்த அமைதிக்குள் கத்தினாள். "வாசியுங்கோவன்."

அவர் உதட்டை அசைத்தார். முடிஞ்சுது.

அவள் தலையை ஆட்டினாள். அவர் இன்னொரு முறை, அவளுக்குத் தெரியும்படி கட்டைவிரலை உயர்த்தி, ஆறாம் தந்தியை மீட்டினார். தந்தி அதிர்வது முன்வரிசைக்கே தெரிந்தது. அது அதிர்ந்து ஓயும்வரை பார்த்துவிட்டு அவள் மறுபடி அவருடைய முகத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை மீட்டினார். இன்னொரு முறை. கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்ற சனம் ஒவ்வொருவராகப் பனியோடு உள்ளே வந்து, முகங்களைப் பார்த்து விசயத்தை விளங்கிக்கொண்டு, சுவரோரமாக நின்றது.

மாஸ்டர் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, முடிஞ்சுது மெற்றில்டா, எல்லாம் முடிஞ்சுது என்றார்.

அவள் சிரித்தாள். கையை இழுத்துக்கொண்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள்.

"சும்மா பகிடி விடாதேங்கோ" என்றாள். "எனக்கு அது இன்னும் கேக்குது."